மழை விடட்டும் என்று எத்தனை நாள் நிற்பாய்?

ஜீன்ஸ் தைக்கிற முரட்டு நீலத்துணி. அதை மடித்து ஓரம் அடித்து, வாயில் சுருக்குக் கயிறு கோத்தால் ஒரு பை. தோளுக்கு வார் கிடையாது, இடுப்புக்குப் பெல்ட் கிடையாது. அரிசி மூட்டையைப் போடுகிற மாதிரி ஒரு தோளில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே ஒரு போர்வை, ஒரு மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் திரை ஒன்று, ஊசி நூல், பிளாஸ்திரி, அயோடின், ஒரு டப்பா விக்ஸ். வழியில் ஊருக்குள் போக நேர்ந்தால் உடுத்திக்கொள்ள ஒரு நல்ல கவுன். தின்பதற்கு உலர்திராட்சை, வேர்க்கடலை, டின்னில் அடைத்த சின்னச் சின்ன சாசேஜ். கூடாரம் இல்லை. ஸ்லீப்பிங் பேக் இல்லை. காலில் கேன்வாஸ் ஷூ.

இந்தப் பையைத் தைத்த அம்மாவுக்கு அப்போது வயது 67. பதினொரு பிள்ளை பெற்றவர். பேரன் பேத்திகள் 23 பேர். இதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்த தூரம் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். அத்தனையும் மலை.

உன் பீரோவில் என்னென்ன இருக்கிறது? சொல், கேட்போம். சான்றிதழ் இருக்கிறது, போன் இருக்கிறது, வாங்கிப் பிரிக்காத ஷூ இருக்கிறது, புத்தாண்டுக்குப் புத்தாண்டு எழுதிய தீர்மானங்கள் இருக்கின்றன. எல்லாம் தயாராக இருக்கிறது, உன்னைத் தவிர! "கொஞ்சம் நிலைமை சரியாகட்டும்" என்கிறாய். எந்த நிலைமை, தம்பி? எப்போது அது சரியாக இருந்தது? பரீட்சை முடியட்டும் என்றாய், வேலை கிடைக்கட்டும் என்றாய், கடன் அடையட்டும் என்றாய், இப்போது பிள்ளை வளரட்டும் என்கிறாய். மழை விடட்டும் என்று திண்ணையிலேயே நின்றவனுக்குத் திண்ணைதான் ஊர்.

அந்த அம்மாவின் பெயர் எம்மா கேட்வுட். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிராமத்துக்காரர், 1887இல் பிறந்தவர். 19 வயதில் கல்யாணம். கட்டியவன் படித்தவன், பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன், வீட்டில் கை ஓங்குகிறவன். பல் உடைந்திருக்கிறது, விலா எலும்பு உடைந்திருக்கிறது. அடி தாங்க முடியாதபோது அவர் ஓடிப்போய் நின்ற இடம் காடு. மரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, மூச்சு திரும்பியதும் வீட்டுக்கு வருவார். அடுப்பு மூட்டுவார். முப்பது வருஷத்துக்கும் மேல் இப்படி. 1941இல்தான் விவாகரத்து கிடைத்தது. அப்போது வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று.

"என் சூழ்நிலை உங்களுக்குத் தெரியாது சார்" என்கிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

1949 ஆகஸ்ட் மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அப்பலாச்சியன் மலைத்தடத்தைப் பற்றி. தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மேய்ன் வரைக்கும் 14 மாநிலங்களின் மலைமுகடுகள்மேலே ஒற்றையடிப் பாதை. பென்டன் மெக்காய் என்பவர் 1921இல் இப்படியொரு தடம் வேண்டும் என்று எழுதினார். ஆர்வலர்கள் கூடிக் காடு வெட்டி, 1937இல் முழுப் பாதையும் இணைந்தது. 1948இல் ஏர்ல் ஷாஃபர் என்ற இளைஞர் முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் நடந்து முடித்தார். தன்னந்தனியாக ஒரு பெண் அப்படி நடந்ததில்லை. எம்மா அந்த இதழைப் படித்தார். எந்தப் பெண்ணும் அப்படித் தனியாக நடந்ததில்லை என்றால் நாம் "அப்படியானால் முடியாது போலிருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவர் புரட்டவில்லை.

இந்த இடத்தில் கதையை வேகமாக ஓட்டி, "ஆகவே அவர் வென்றார்" என்று முடிப்பது மேடைப் பேச்சாளர்களின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. நடுவில் ஒரு தோல்வி இருக்கிறது. அதைத்தான் நீ உட்கார்ந்து கேட்க வேண்டும்.

1954 ஜூலை. 66 வயது. வடக்கு முனையான கத்தாடின் மலையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அந்தத் தடத்தில் வழிகாட்டுவது மரத்திலும் பாறையிலும் அடித்திருக்கிற வெள்ளைப் பெயின்ட். இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், அவ்வளவே. ஒன்றைப் பார்த்து நட, அடுத்தது தெரியும். மேய்ன் காட்டில் அவர் ஒரு குறியைத் தவறவிட்டார். சில நாளிலேயே வழி தப்பிவிட்டது. மூக்குக் கண்ணாடி உடைந்தது. கையிலிருந்த உணவு தீர்ந்தது. தேடிவந்த வனக்காவலர்கள் அவரைப் பார்த்துச் சொன்ன புத்திமதி, வீட்டுக்குப் போங்கள் என்பதுதான். போனார்.

ஆம், போனார். ரோஷத்தில் கண் தெரியாமல் காட்டுக்குள் மறுபடி நுழைந்து செத்துப்போகவில்லை. மலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: வெகுநேரமாகக் குறி தென்படவில்லையென்றால் மேலே போகாதே, கடைசியாகக் குறி பார்த்த மரத்துக்குத் திரும்பு. திரும்புவது வேறு, விட்டுவிடுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் இங்கே ஒருமுறை தேர்வில் தவறியவன் புத்தகத்தை எடைக்குப் போடுகிறான், ஒரு கடை நொடித்தவள் இனி வியாபாரமே வேண்டாம் என்கிறாள். கடைசிக் குறிக்குத் திரும்பி வா! அங்கே நின்று மூச்சு வாங்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார். அடுத்த வெள்ளைக்கோடு எங்கேயோ இருக்கிறது.

எம்மா திரும்பி வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. 1955 மே 3ஆம் தேதி, இந்த முறை தெற்கு முனையில், ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் மலையில் நின்றார். பிள்ளைகளிடம் சொன்னது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்பது மட்டும்தான். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதினொரு பேரும் பதினொரு காரணம் சொல்லித் தடுத்திருப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உன் கனவை ஊர் முழுக்கச் சொல்லிக் கைதட்டு வாங்கியபிறகு உனக்கு நடக்கத் தோன்றுவதில்லை, கவனித்திருக்கிறாயா?

இனி வானிலைக்கு வருவோம். மலையில் அது அரைமணிக்கு ஒரு முகம் காட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குளிர் கூடும். காலையில் சட்டை நனைய வேர்க்கும், மத்தியானம் இடி முழங்கும், சாயங்காலம் எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் மூடுபனி இறங்கும். தடத்தில் வருகிற வாஷிங்டன் மலையில் 1934 ஏப்ரல் 12இல் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததை அங்கிருந்த ஆய்வுக்கூடத்து மனிதர்கள் அளந்தார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றில் அம்மி கொத்துகிறவனும் பறப்பான்.

பனிதான் ஆளைக் கொல்லும் என்று நினைக்கிறோம். மலை தெரிந்தவர்கள் அதைவிட அஞ்சுவது உறைநிலைக்குச் சற்று மேலே, காற்றோடு சேர்ந்து அடிக்கிற மழையை. நனைந்த பருத்தித்துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் நடுக்கம். பிறகு விரல் பொத்தானைப் பிடிக்காது. பேச்சு குழறும். கால் தடுக்கும். கடைசியில் நடுக்கமே நின்றுபோகும்; அப்போது அவருக்குத் தான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதுதான் ஆபத்தின் உச்சம். உட்கார்ந்த இடத்தில் இதமாக இருக்கிறதே என்று நினைக்கிறாயே, அந்த இதத்தைப் பற்றி எனக்கு இதே பயம்தான். நடுங்குகிறவரை நீ பிழைத்திருக்கிறாய். நேர்காணலுக்குப் போகும்போது கை நடுங்குகிறதா? மேடையில் கால் உதறுகிறதா? நல்லது, உடம்பு இன்னும் போராடுகிறது. உலர்ந்த துணிக்கு மாறு, எதையாவது சாப்பிடு, நட.

எம்மா கேட்வுட் கல்லைத் தீயில் சுடவைத்து அதன்மேல் படுத்துக் குளிரைச் சமாளித்தார். இலைச்சருகைக் குவித்துத் தூங்கினார். மழைக்குப் பிளாஸ்டிக் திரையைப் போர்த்திக்கொண்டார். கேன்வாஸ் ஷூவின் அடி தேயத் தேய வேறு ஜோடி மாற்றினார், ஒன்றிரண்டு அல்ல, ஆறேழு ஜோடி. சில வீடுகளில் சோறு போட்டுப் படுக்கை விரித்தார்கள். சில வீடுகளில் நாடோடிக் கிழவி என்று கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவின் முன்னால் நின்று புலம்ப அவருக்கு நேரமில்லை, இருட்டுவதற்குள் அடுத்த இடம் பார்க்க வேண்டும்.

(இதைப் படித்துவிட்டு நாளைக்கே போர்வையும் பிளாஸ்டிக் திரையுமாகப் பனிமலைக்குக் கிளம்பிவிடாதே. காட்டில் எந்தக் கீரையைத் தின்னலாம், எந்தப் பழத்தைத் தொடக்கூடாது என்பது பண்ணையில் வளர்ந்து அறுபது வருஷம் மண்ணில் உழைத்த அந்த அம்மாவுக்குத் தெரியும். பையில் குறைவாக வைத்திருந்தார் என்றால் தலையில் நிறைய வைத்திருந்தார் என்று அர்த்தம். துணிச்சலுக்கும் துடுக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.)

ஆகஸ்ட் மாதம். அவர் நியூ இங்கிலாந்துப் பகுதிக்குள் வந்திருந்தார். கானி என்ற புயல் 12ஆம் தேதி கரையேறியது. ஊறிப்போன மண் காயும் முன்பே, ஐந்தாம் நாள் டயான் என்ற இன்னொரு புயல். வடகிழக்கு மாநிலங்களில் ஆறுகள் ஊருக்குள் புகுந்தன. டயானுக்கு மட்டும் 180 பேருக்கு மேல் பலி. எம்மா மலைமேல் இருந்தார். பாதையே ஓடையாக ஓடியது. காய்ந்த துணி என்று ஒன்று இல்லை.

வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மலையிடுக்கு. அடியில் ஆறு. இருந்த பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தனியாக இறங்கினால் பிணம்தான். எம்மா இறங்கவில்லை. கரையிலே நின்றார். நடந்து வந்த இரண்டு இளைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள், கடற்படையில் இருந்தவர்கள். அவரை நடுவில் விட்டு, மூவரையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, சுழித்து ஓடுகிற தண்ணீரில் அடி அடியாகக் கால் வைத்துக் கடந்தார்கள்.

"யார் தயவும் எனக்கு வேண்டாம்" என்று நெஞ்சை நிமிர்த்துவதைத் தன்னம்பிக்கை என்று யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வடிகட்டிய பொய்! தன் கால்மேல் நம்பிக்கை உள்ளவர்தான் இன்னொருவர் கயிற்றையும் கூசாமல் இடுப்பில் கட்டிக்கொள்வார். வெள்ளத்தில் நின்று சண்டை போடாதே. கயிறு கொடுக்கிறவனைப் பிடி. ஆனால் ஆற்றங்கரைவரை நீ நடந்து வந்திருக்க வேண்டும், தங்கச்சி. வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு அந்த இளைஞர்கள் எங்கே கிடைப்பார்கள்?

அதற்குள் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் கேள்வி, படம். அம்மா எங்கே இருக்கிறார் என்று பிள்ளைகளுக்கே அப்புறம்தான் விவரமாகத் தெரிந்தது. ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார். பழைய வீட்டையும் உடைந்த விலாவையும் பற்றி வாய் திறக்கவில்லை. காயத்தைக் காட்டி அனுதாபம் வாங்குகிற வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அந்த வழியில் போகவில்லை. 1957இல் முழுத் தடத்தையும் மறுபடி நடந்தார். 71 வயதில் ஒரிகன் தடம், மிசூரியிலிருந்து போர்ட்லண்ட் வரை. 1964இல் அப்பலாச்சியனைப் பகுதி பகுதியாக மூன்றாம் முறை நடந்து முடித்தார். இதெல்லாம் பிற்பாடு. நாம் இன்னும் 1955லேயே நிற்கிறோம், மேய்னில், செப்டம்பர் கடைசியில்.

போன வருஷம் தொலைந்துபோன அதே காடு. இந்த முறையும் கண்ணாடி உடைந்துவிட்டது. கால் நொண்டுகிறது. குளிர் இறங்கிவிட்டது. வழி தெரியாமல் திரும்பிய அதே இடத்தில், அரைகுறைப் பார்வையோடு, இப்போது மரம் மரமாக வெள்ளைக் குறியைத் தேடிக்கொண்டு வடக்கே போகிறார். மலை மாறவில்லை, குறியின் அளவு மாறவில்லை. அவர் பின்னால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அது ஒன்றுதான் புதிது. நம்பிக்கை வந்தபிறகு புறப்படலாம் என்று நீ உட்கார்ந்திருக்கிறாய். அவருக்கு அது ஜார்ஜியாவில் இருக்கவில்லை. வழியில் காலடியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 25. நடக்கத் தொடங்கி 146ஆவது நாள். 1,605 மீட்டர் உயரக் கத்தாடின். கடைசி ஏற்றத்தில் பாறைகளைக் கையால் பற்றித் தவழ வேண்டும். இருந்த துணியையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஏறினார். உச்சியில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். தன் நாட்டைப் பற்றிய பாட்டு ஒன்றைத் தனியாக நின்று பாடினார். கேட்க ஆளில்லை, காற்று மட்டும் இருந்தது.

பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டும் காலோடு இறங்கத் தொடங்கினார். அடிவார முகாமுக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.