ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு



தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று திருச்சபை ஒவ்வோர் ஆண்டும் நம்மை ஒரு மலைக்குக் கூட்டிப்போகிறது. பேதுருவும் யாக்கோபும் யோவானும் ஆண்டவரோடு ஏறிப்போன மலை அது. அங்கே அவர் முகம் கதிரவனைப்போல ஒளிர்ந்ததாக மத்தேயு எழுதுகிறார். மலை ஏறுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு தினமும் ஏறுகிறவர்கள் நீங்கள். சிவனொளிபாத மலையும் நமக்குத் தூரமில்லை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை அங்கே யாத்திரை சீசன். இரவானால் அடிவாரத்திலிருந்து உச்சிவரை விளக்குகள் வரிசையாக எரிவதை மஸ்கெலியாப் பக்கத்தில் இருப்பவர்கள் லயத்து வாசலில் நின்றே பார்க்கிறார்கள்.

அந்த மலையுச்சியில் ஒரு பாதச்சுவடு இருக்கிறது. அது புத்தருடையது என்கிறார்கள் பௌத்தர்கள். சிவனுடையது என்கிறார்கள் இந்துக்கள். ஆதாமுடையது என்பது இஸ்லாமியர் நம்பிக்கை. புனித தோமையாருடையது என்று கிறிஸ்தவர்களிலும் சிலர் முற்காலத்தில் சொன்னதுண்டு. நம் விசுவாசம் ஒரு கல்லின் தடத்தில் நிற்பதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான்கு சமயத்தாரும் ஒரே படியில் ஒதுங்கி நின்று ஒருவருக்கொருவர் வழிவிடுகிற இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? அதற்காகவே அந்த மலைமீது எனக்கு மரியாதை.

யாத்திரிகர்கள் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுகிறார்கள். 5,000-க்கும் அதிகமான படிகள். உச்சி 2,243 மீட்டர் உயரம். முதல் பாதி பேச்சும் சிரிப்புமாகப் போய்விடும். கடைசிப் பகுதியில் படிகள் செங்குத்தாகிவிடும். கைப்பிடிக் கம்பியை இழுத்து இழுத்துத்தான் ஏற வேண்டும். அப்போது பேச்சு நின்றுவிடும், மூச்சு மட்டும் கேட்கும். இளைஞர்கள் சீக்கிரமே போய் உச்சியில் நல்ல இடம் பிடித்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக் குளிரில் நடுங்கியபடி கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே மூடுபனியின்மேல் முக்கோணமாக விழும். கொஞ்ச நேரத்தில் அதுவும் சுருங்கி மறைந்துவிடும்.

அந்த நேரத்தில் பாதி வழியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, பேரப்பிள்ளை வாங்கித்தந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் மேலே போய்ச் சேரும்போது எட்டு மணி ஆகிவிடும். நிழலும் போயிருக்கும், கூட்டமும் இறங்கியிருக்கும். அவர் ஏறியது வீண்தானா?

அன்பானவர்களே, நம்மில் பலருடைய உள்ளத்தில் இருக்கிற கேள்வி இதுதான். “சாமி, நான் கோயிலுக்கு வந்து வருஷக்கணக்காகிறது, இனி வந்து என்ன?” என்று சொன்னவர்கள் உண்டு. குடித்தே வாழ்க்கையைக் கரைத்துவிட்டு இப்போது திருந்த நினைக்கிறவர்களும், சகோதரனோடு பேசாமலே தலைநரைத்துப் போனவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேர்தான் போடுவார்கள், அரைநாள் கூலிதான் கிடைக்கும். அந்த வேதனை உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் யாருக்கும் அரைப்பேர் போடுவதில்லை. மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குள் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த எசமானைப் பற்றி அவரே நமக்குக் கதை சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்குச் சேருகிற பாட்டிக்கும் வெயில் அதே வெயில்தான். சொல்லப்போனால் அவருக்குத்தான் அது கொஞ்சம் சூடாகவும் கிடைக்கிறது.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். அங்கே அது அழகான வழக்கம்தான். நாமோ அந்த மணியைக் கோயிலுக்குள்ளும் கொண்டுவந்து அடிக்கிறோம். எத்தனை நவநாள் செய்தோம், எத்தனை வருடம் சபையில் பொறுப்பில் இருந்தோம் என்று எண்ணிச் சொல்கிறோம். இன்றுதான் முதல் தடவை வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறவரின் காதில் அது எப்படி விழும்?

அதே மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிற சிங்களச் சகோதரர்கள், ஏறிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து “கருணாவை” என்று வாழ்த்துகிறார்கள். முகம் தெரியாதவருக்கும் அந்த வாழ்த்து உண்டு. இவ்வளவு தாமதமாகவா வருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. நம் வீட்டில், நம் லயத்தில், பிந்தி வருகிறவரைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்?

பேதுருவுக்கு அந்த மலையிலேயே கூடாரம் அடித்துத் தங்கிவிட ஆசை. ஒளியைக் கண்டவனுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அஞ்சிக் குப்புற விழுந்தவர்களைக் கிட்ட வந்து தொட்டு எழுப்பினார். பிறகு அவர்களோடு கீழே இறங்கினார். கீழே ஒரு தகப்பன் நோயாளிப் பிள்ளையோடு காத்துக்கொண்டிருந்தான். ஏறி வர முடியாத அந்த மனிதனைத் தேடி, கதிரவனைப்போல ஒளிர்ந்த அதே ஆண்டவர் இறங்கிப் போனார். நம்மையும் அவர் அப்படித்தான் தேடி வருகிறார். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டோமே என்று யாரும் மனம் தளர வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஒப்புரவு அருளடையாளத்துக்காக நான் கோயிலில் உட்கார்ந்திருப்பேன். வழக்கமாக வருகிறவர்கள் அன்று கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். நெடுநாள் வராதவர்கள் முதலில் வாருங்கள்.