கடனும் களவும்

பிறரிடமிருந்து எதனையும் பெறாமல் எவரும் எதனையும் படைத்ததில்லை. நாம் பேசும் மொழி நாம் ஆக்கியதன்று. நாம் எண்ணும் எண்ணங்களுட் பலவும் நமக்கு முன்னோர் எண்ணியவையே. எனவே, ஒரு கலைஞன் கடன் வாங்கினானா என்று கேட்பதில் பயனில்லை. வாங்கிய கடனைக் கொண்டு அவன் என்ன செய்தான், யாரிடம் வாங்கினான் என்பதைச் சொன்னானா என்று கேட்பதே முறை. கடன் எந்த இடத்தில் களவாகின்றது? இவ்வினாவுக்கு விடை தேட, நம்மிற் பலர்க்குப் பழக்கமில்லாத ஓர் இசைத்துறையின் தொடக்கக் காலத்தைச் சான்றாகக் கொள்வோம்.

புரோகிரசிவ் ராக் எனப்படும் முற்போக்கு ராக் இசை 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. ராக் இசையின் தாயகம் அமெரிக்கா. அதன் ஆணிவேர் அந்நாட்டுக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை. அவ்விசையில் ஊறிய ஆங்கில இளைஞருட் சிலர், ஐரோப்பியச் செவ்வியல் இசையிலும் பயிற்சி பெற்றிருந்தனர். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் நடனப் பாட்டு அவர்களுக்குப் போதவில்லை. நீள்இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் இடந்தந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தையே ஓர் இசைக்கருவியாக ஆளலாம் என்பதை 1967இல் பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டு காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் மூடி புளூஸ் என்னும் குழுவினர், பெரிய வாத்தியக் குழுவொன்றின் துணையோடு, ஒரு நாளின் பொழுதுகளை விடியல் முதல் இரவு வரை இசைத்தட்டொன்றில் வரைந்தனர். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, இத்துறை தனக்கென ஒரு வடிவம் பெற்றுவிட்டது.

இவ்வரலாற்றின் வாயிலில் நிற்பது ஒரு பாட்டு. 1967 மே மாதம் வெளியான ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ என்னும் அப்பாட்டைப் பாடியவர்கள் புரோகல் ஹாரம் குழுவினர். பிரிட்டனில் ஆறு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. கேரி புரூக்கர் இசையமைத்தார். கீத் ரீட் பாடல் புனைந்தார். படிப்படியாகக் கீழிறங்கும் அதன் அடிச்சுரங்கள், ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்தியான் பாக் இயற்றிய மூன்றாம் வாத்தியக் கோவையிலுள்ள ‘ஏர்’ என்னும் பகுதியை நினைவூட்டுவன. அவ்வடிச்சுரங்களின்மேல் ஆர்கன் வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டைத் தொடங்கிவைப்பதும், பாடுவோர் ஓயும் இடங்களில் மீண்டும் எழுந்து ஒலிப்பதும் அவருடைய ஆர்கன் இசையே. கேட்டவர் நெஞ்சில் முதலில் தங்குவதும் அதுவே. அது பாக்கின் இசைபோலத் தொடங்கித் தன் வழியே நடந்து வேறிடம் சென்று சேர்கின்றது.

இது களவா? பாக் 1750இல் மறைந்தவர். அவர்தாமும் கடன் வாங்கத் தயங்கியவரல்லர். இத்தாலியரான விவால்டியின் இசைக்கோவைகள் பலவற்றை அவர் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் ஏற்ப மாற்றியெழுதினார். விவால்டி நான்கு வயலின்களுக்கென எழுதியதை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கென ஆக்கினார். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. முன்னோரிடம் பயில்வதும், பயின்றதைத் தன் கைவண்ணத்தால் வளர்ப்பதும் எல்லாக் கலைகளுக்கும் பொதுவான வளர்ச்சிநெறி.

இந்நெறி நமக்குப் புதியதன்று. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகை நூல்களைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துரைக்கின்றார். முன்னோர் நூலின் முடிபை ஏற்றுத் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து எழுதுவது வழிநூல். வழிநூல் செய்தவனை அவர் இழித்துரைக்கவில்லை. எனினும், சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றை எண்ணுமிடத்து, ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’ என்பதனையும் வைக்கின்றார். இந்நூல் எவ்வழி வந்தது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்பது இதன் கருத்து. வழி வருதல் குற்றமன்று. வழியை மறைத்தலே குற்றம். கடனையும் களவையும் பிரிக்கும் கோட்டை நம் இலக்கணம் இவ்வாறு இழுத்துத் தந்துள்ளது.

இக்கோட்டை மனத்திற் கொண்டு மற்றொரு குழுவைக் காண்போம். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்னும் மூவர் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 நவம்பரில் வெளிவந்தது. அதன் முதற்பகுதியான ‘த பார்பேரியன்’, அங்கேரி நாட்டு இசையறிஞர் பார்டோக் 1911இல் பியானோவுக்கு எழுதிய ‘அலெக்ரோ பார்பரோ’ என்பதன் மறுவடிவம். ஆனால், முதலில் வந்த இசைத்தட்டில் பார்டோக்கின் பெயர் இல்லை. இசைத்த மூவரின் பெயர்களே இருந்தன. பின்வந்த பதிப்புகளிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. பார்டோக் 1945இல் மறைந்தவர். அவர்தம் குடும்பத்தார்க்கு அவ்விசையில் உரிமை இருந்தது.

அதே குழு 1973இல் நடந்துகொண்ட முறையோ வேறு. அர்ஜென்டினா நாட்டு இசையறிஞர் ஹினஸ்டேராவின் பியானோக் கோவையொன்றின் இறுதிப் பகுதியை அவர்கள் தம் கருவிகளுக்கேற்ப மாற்றியமைத்தனர். எமர்சன் ஜெனிவாவுக்கு நேரிற் சென்று, ஒலிப்பதிவை அம்முதியவரிடம் போட்டுக்காட்டினார். அவர் மனமுவந்து இசைவு தந்தார். அவருடைய பாராட்டுரை இசைத்தட்டின் உறையிலேயே அச்சேறியது. ஈரிடத்தும் கலைத்திறன் ஏறத்தாழ ஒன்றே. முன்னது நம்மை நெருட, பின்னது மகிழ்விப்பது எதனால்? பின்னதற்கு ஒரு பாயிரம் இருந்தது.

இனி, முன்னர்க் கூறிய பாட்டுக்கு மீள்வோம். பாக்குக்குப் பட்ட கடனை அக்குழுவினர் மறைத்ததில்லை. ஆனால், பாட்டின் ஆக்கியோராகப் பதிவாகியிருந்தவை புரூக்கர், ரீட் ஆகிய இருவர் பெயர்களே. ஆர்கன் இசையை ஆக்கிய ஃபிஷரின் பெயர் அங்கில்லை. 2005இல் அவர் வழக்குத் தொடுத்தார். பாட்டு வெளியாகி அப்போது 38 ஆண்டுகள் கடந்துவிட்டன. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரையும் ஆக்கியோருள் ஒருவராக ஏற்று, இசையின் உரிமையில் 40 விழுக்காடு அவருக்குரியது என்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஆக்கியோர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், இத்தனை ஆண்டுகள் வாளா இருந்தவர்க்குப் பணம் பெறும் உரிமை இல்லை என்றது. 2009 ஜூலை 30ஆம் நாள், அந்நாளில் அந்நாட்டின் முடிவான நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, ஒருமனதாக அவர் பங்கை மீட்டளித்தது. வழக்குக்கு முற்பட்ட ஆண்டுகளின் வருவாய் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

இத்தீர்ப்பை மறுப்போர்க்கும் ஒரு நியாயம் உண்டு. பலர் கூடி இசைக்கும் இடத்தில் ஒருவர் ஒரு குழைவைத் தருவார். மற்றொருவர் ஒரு தாளக்கட்டைத் தருவார். ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கூட்டுழைப்பில் நட்பு எஞ்சுமா? மேலும், 38 ஆண்டுக்காலம் பேசாதிருந்துவிட்டுப் பின்னர்க் கேட்பது அறமா? இவை புறந்தள்ளத்தக்க வினாக்களல்ல. ஆனால், பேசாதிருந்தவன் உரிமையை விட்டுக்கொடுத்தான் என்று நாம் எவ்வாறு கொள்வது? இளையவன் கேட்க அஞ்சுகிறான். நண்பன் கேட்க நாணுகிறான். அவ்வச்சத்தையும் நாணத்தையும் நாம் இசைவு என்று கணக்கெழுதலாமா? பங்கீட்டைக் கேட்பதால் நட்பு முறிவதுண்டு. கேட்க வேண்டிய நிலைக்கு ஒருவனைத் தள்ளியபோதே அதில் விரிசல் விழுந்துவிடுகின்றது என்பதே என் கருத்து.

இவ்வரலாறு காட்டும் உண்மையொன்று என் நெஞ்சை உறுத்துகின்றது. இருநூறு ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்த மேதைக்குப் பட்ட கடனைச் சொல்வது எளிது. அது நமக்குப் பெருமையும் சேர்க்கின்றது. பாக்கின் வழிவந்தவன் எனப்படுவதை எந்த இசைஞன் வெறுப்பான்? அவர் திரும்பிவந்து பங்கு கேட்கப் போவதுமில்லை. அருகில் அமர்ந்து ஆர்கன் வாசித்தவனுக்குப் பட்ட கடனோ நம் பெருமையில் ஒரு கூறைக் குறைக்கின்றது. முற்போக்கு ராக் இசையைப் பேசுவோர் ஐரோப்பிய மேதையரின் பெயர்களை அடுக்கும் வேகத்தில், அவ்விசைக்கு உயிர்தந்த கறுப்பின ஏழைப் பாடகரை மறந்துவிடுவதும் இதனாலேயே. புரூக்கர் தாமும் முன்னொரு குழுவில் அம்மக்களின் பாடல்களைப் பாடித்தான் தொழில் பழகினார். தொலைவிலுள்ள பெரியவர்க்குச் செலுத்தும் நன்றி நம் நேர்மைக்கு முழுச்சான்று ஆகாது. அருகிலுள்ள எளியவர்க்குச் செலுத்தும் நன்றியே அதனை அளக்கும் கோல்.

இது இசைஞர்க்கு மட்டும் உரிய அறமன்று. பள்ளிக் கலைவிழாவில் அரங்கேறும் நாடகத்தை எண்ணிப் பாருங்கள். மூலக்கதை எழுதிய பெரும்புலவரின் பெயரை நிகழ்ச்சிநிரலில் பெரிய எழுத்துகளில் அச்சிடுகின்றோம். ஒத்திகையின்போது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கூறிய ஒரு மாற்றத்தால் அந்நாடகத்தின் முடிவு உயிர்பெற்றிருக்கலாம். அவள் பெயரை எங்கே எழுதினோம்? இளைய ஆசிரியர் இரவெல்லாம் விழித்துத் தொகுத்த பயிற்சிகள் நூலாகும்போது, முன்னுரையில் அவருக்கு ஒரு வரியேனும் ஒதுக்கினோமா? மாணவனிடம் ‘பார்த்து எழுதாதே’ என்று சொல்வது எளிது. ஆனால், மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து அவைபோல் எழுதச் சொல்பவர்களும் நாமே. ஆதலின், வாங்காதே என்று தடுப்பதைவிட, வாங்கியதைச் சொல், சொன்னபின் அதனோடு உன்னுடையதைச் சேர் என்று பயிற்றுவதே தக்கது. அவ்வாறு பயிற்றும் தகுதி, நம் மாணவர்க்கும் உடன்பணியாற்றுவோர்க்கும் நாம் பட்ட கடனை ஒப்புக்கொள்ளும்போதுதான் நமக்கு வாய்க்கும்.

‘வழி’யைச் சொல்லுமாறு இலக்கணம் பணித்தபோது, பெரியோர் வழியை மட்டும் சொல் என்று அது பணிக்கவில்லை. ஒரு படைப்பு எத்தனை கைகளைக் கடந்து வந்ததோ அத்தனை கைகளுக்கும் அதன் பாயிரத்தில் இடமுண்டு. அவ்விடத்தைக் கேளாமலே கொடுப்பவன் கடனாளி. கேட்டும் கொடாதவன் கள்வன்.