நண்டும் வாழையும்

உத்தமர்சீலிப் பக்கம் ஒரு வாய்க்கால் வரப்பு. நண்டு வளையின் வாயில் ஈர மண் உருண்டைகள் குவிந்திருந்தன. உருண்டை புதுசாக இருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தமாம். "காஞ்சு கெடந்தா கைய விடாதீங்க, பாம்பு குடியேறியிருக்கும்" என்றார் களையெடுக்க வந்திருந்த அக்கா.

முழங்கை வரை விட்டுத் துழாவி, முதுகோடு சேர்த்துப் பிடித்து ஒன்றை வெளியே எடுத்தார். புரட்டினார். அடிவயிற்று மடல் அகலம், பெண். ஆணுக்கு அது குறுகிக் கூராக இருக்கும். மடலை நகத்தால் நெம்பியதும் உள்ளே குஞ்சுகள். மிளகளவுகூட இல்லை, ஆனால் காலும் கொடுக்கும் கண்ணும் குறைவின்றி இருந்தன. "இது வேணாம்" என்று வாய்க்காலில் விட்டுவிட்டு அடுத்த வளைக்குப் போய்விட்டார்.

*

கடல் நண்டுக் குஞ்சுக்கு இந்தச் சொகுசு கிடையாது. பிச்சாவரத்துக் கழிமுகத்தில் வளரும் சேற்று நண்டு, முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். முட்டைகள் இலட்சக்கணக்கில். பொரிந்து வருவதைப் பார்த்தால் நண்டு என்றே தோன்றாது. முள் நீட்டிய சின்ன உயிர், நீரோட்டத்தில் மிதந்து, பலமுறை தோலுரித்த பிறகே நண்டாகும். அதற்குள் பெரும்பகுதி இரையாகிவிடும்.

வயல் நண்டு இடுவது சில நூறு முட்டைதான். ஆனால் பெரியவை, கரு நிறைந்தவை. கடலில் நடந்திருக்க வேண்டிய மாற்றமெல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, உப்புத் தண்ணீரையே அறியாமல் தலைமுறை தலைமுறையாக அது வாழ முடிவது இதனால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முட்டைதான் பெரிதாகப் படுகிறது, நண்டு அல்ல.

*

நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகியவை ஈன்றால் அழியும் என்று ஒரு பழம்பாடல் உண்டு. வாழை விஷயம் திருவளர்ச்சோலையில் கண்கூடு: தார் வெட்டினால் மரத்தின் கதை முடிந்தது. மூங்கிலும் பூத்துக் காய்த்தபின் பட்டுப்போகும். நண்டுக்கு அது பொருந்தாது. குஞ்சுகள் இறங்கிப் போனபின் தாய் மீண்டும் சினைப்படும். நண்டு வளர வளர ஓட்டை உரிக்கும். உரித்த ஓடு கால், கொடுக்கு உட்பட முழு நண்டு போலவே கிடக்கும். அதைக் கண்டுதான் செத்தது என்று நினைத்தார்களோ என்னவோ. என் ஊகம், அவ்வளவே.

*

கோடையில் வாய்க்கால் வற்றினால் வயல் நண்டு வளையை ஆழமாகத் தோண்டி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு கிடக்கும். செவுள் அறை காற்றிலிருந்தும் மூச்சு வாங்கும். ஈரம் இருந்தால் போதும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், தள்ளிப்போன வருஷங்களும் உண்டு. வளைக்குள் இருக்கும் நண்டுக்கு மழை வந்தாலும் சரிதான்.

*

விவசாயிக்கு நண்டைப் பிடிக்காது. வளை விழுந்த வரப்பு ஒழுகும். இளம் நாற்றின் தண்டை நண்டு நறுக்கிவிடும். அதனால் பூச்சிமருந்து கலந்த சோற்றுருண்டையை வளைக்குள் வைப்பவர்கள் உண்டு. அதே நண்டை ஓட்டோடு இடித்து, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து ரசம் வைத்தால் சளிக்கு மருந்து என்பார்கள். எங்கள் தெருவில் நண்டு சமைப்பதில்லை; எனக்கு எல்லாம் கேள்விஞானம். பூச்சிமருந்து வைத்த வயலில் கை விடாமல் எப்படித் தப்பிக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். வைத்தவரே சொல்லிவிடுவாராம். சொல்லாத ஆள் யார் என்பதும் இவர்களுக்குத் தெரியும். அந்த வரப்புப் பக்கம் போவதில்லை.