கண்ணிழந்த வீரரும் கல்வி தேடிய இளைஞரும்

 

ஒரு காட்சியை உங்கள் மனக்கண் முன் வைக்கிறேன். இது இன்னாருடைய கதை என்று பெயர் தேட வேண்டாம். எந்த மஹல்லாவிலும் நடக்கக் கூடியது.

திண்டிவனத்தில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பட்டாளத்து பாய் என்றால்தான் தெருவில் தெரியும். சர்க்கரை நோயினால் இரு கண்களின் பார்வையும் போய்விட்டது. மனைவி மவுத்தாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். ஸலாம் சொன்னாலும் வெடுக்கென்றுதான் பதில் வரும். பாங்கோசை காதில் விழும் தூரத்தில் வீடு இருந்தும் பள்ளிவாசல் பக்கம் வருவதில்லை. அதே தெருவில் ஒரு கல்லூரி மாணவர். ஐவேளைத் தொழுகையாளி. பரீட்சையில் தன் விடைத்தாளைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்ட மறுத்தார் என்பதற்காக நண்பர்கள் அவரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த மாணவர் ஒருநாள் பெரியவரிடம் சென்று, “பாய், ஸபூர் செய்யுங்கள். கண்ணிழந்து பொறுமை கொண்டவருக்குச் சுவர்க்கம் உண்டு என்று ஹதீஸ் இருக்கிறதே” என்கிறார்.

“கண் இருக்கிறவனுக்கு அதைச் சொல்வது சுலபம் தம்பி. பென்ஷன் கொடுக்கிற சர்க்காராவது வருஷத்துக்கு ஒரு தடவை நான் உயிரோடு இருக்கிறேனா என்று சான்று கேட்கிறது. நம் மஹல்லா அதையும் கேட்பதில்லை. போய் வா” என்று பெரியவர் கதவைச் சாத்திவிடுகிறார்.

சகோதரர்களே! மாணவர் சொன்ன ஹதீஸில் பிழையில்லை. இரு கண்களை இழந்து பொறுமை கொண்ட அடியானுக்கு அவற்றுக்கு ஈடாகச் சுவர்க்கத்தைத் தருவதாக அல்லாஹு தஆலா வாக்களித்திருப்பது புகாரி ஷரீபில் ஹதீஸ் குத்ஸியாக வந்திருக்கிறது. அப்படியானால் பிழை எங்கே? அதை அறிய மதீனா முனவ்வராவில் ஒரு வீட்டு வாசலுக்குப் போவோம்.

அது ஹஜ்ரத் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் வீடு. அன்ஸாரிப் பெருமகன். தந்தையார் தடுத்ததால் பத்ரிலும் உஹதிலும் கலந்து கொள்ளவில்லை. தந்தையார் உஹதில் ஷஹீதான பிறகு எந்தப் போரிலும் பின்தங்கவில்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுடன் 19 போர்களில் கலந்து கொண்டதாக அவர்களே கூறுவதை முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். தந்தையார் விட்டுச் சென்றது கடனும், காப்பாற்ற வேண்டிய சகோதரிகள் பலரும். அத்தனை பாரத்தையும் சுமந்து நடந்த அந்த வீரருக்கு முதுமையில் பார்வை போய்விட்டது.

குழப்பம் மிகுந்த காலம் வேறு. கொடுமைக்கார அதிகாரி ஒருவன் மதீனாவுக்கு வந்தபோது, ஒதுங்கிப் போய்விடும்படி ஜாபிர் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. இரு மகன்களுக்கு நடுவே நடந்து போகையில் கால் இடறியது. உடனே, அல்லாஹ்வின் தூதரைப் பயமுறுத்தியவன் நாசமாகட்டும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள்தாம் வஃபாத்தாகி விட்டார்களே என்று மகன்கள் வியந்தபோது, மதீனாவாசிகளைப் பயமுறுத்துபவன் தம் உள்ளத்தையே பயமுறுத்துகிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிருப்பதாக விளக்கினார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள செய்தி இது. ஸஹாபாக்களுக்கும் கோபம் வந்தது. கால் இடறியபோது வலித்தது. ஹுதைபிய்யாவில் 1400 பேர் பைஅத் செய்ததைச் சொல்லி வரும்போது, இன்று எனக்குப் பார்வை இருந்திருந்தால் அந்த மரம் இருந்த இடத்தை உங்களுக்குக் காட்டியிருப்பேன் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. அந்த ஏக்கத்தை இஸ்லாம் குற்றமாக்கவில்லை.

இந்தப் பெரியவரிடம் சிலர் வந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர். கர்பலாவில் ஷஹீதான இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் பேரர், பிற்காலத்தில் இமாம் முஹம்மது அல்பாகிர் (ரஹ்) என்று உலகம் போற்றியவர். ஜாபிர் (ரலி) வந்தவர்களை ஒவ்வொருவராக யார் என்று விசாரித்தார்கள். இளைஞரின் முறை வந்தது, பெயர் சொன்னார். பெரியவர் கையை நீட்டி அவர் தலையைத் தடவினார்கள். சட்டைப் பித்தானை அவிழ்த்து, நெஞ்சின் மீது உள்ளங்கையை வைத்தார்கள். சகோதரர் மகனே என்று வரவேற்று, விரும்பியதைக் கேட்கச் சொன்னார்கள். கண்ணால் பார்க்க முடியாதவர் கையால் பார்த்தார்கள்!

இடையில் தொழுகை நேரம் வந்தது. சிறிய போர்வையொன்றைச் சுற்றிக் கொண்டு எழுந்தார்கள். தோளில் போட்டால் நுனி சரிந்து விழும், அவ்வளவு சிறியது. மேலாடை பக்கத்திலேயே தொங்கிக் கொண்டிருந்தது. கண்ணிழந்த அந்தப் பெரியவரே இமாமத் செய்ய, வந்தவர்கள் பின்னால் நின்று தொழுதார்கள்.

பிறகு இளைஞர், நாயகம் (ஸல்) அவர்களின் ஹஜ்ஜைப் பற்றிக் கேட்டார். பெரியவர் கை விரல்களால் ஒன்பது என்று எண்ணிக் காட்டி, ஹஜ் செய்யாமல் மதீனாவில் தங்கியிருந்த ஒன்பது ஆண்டுகளிலிருந்து ஆரம்பித்தார்கள். துல்ஹுலைஃபாவிலிருந்து கஸ்வா ஒட்டகம் புறப்பட்டது. எனது பார்வை எட்டிய தூரம் வரை முன்னும் பின்னும், வலமும் இடமும் மக்கள் கூட்டம் என்று வர்ணித்தார்கள். பார்வை இழந்தவர் சொன்ன வர்ணனை இது! தவாஃப், ஸஃயு, அரஃபாவின் பேருரை, முஸ்தலிஃபா, மினாவில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் குர்பானி கொடுத்த 63 ஒட்டகங்கள் வரை ஒன்றும் விடவில்லை. முஸ்லிம் ஷரீபில் நீண்ட ஹதீஸாக அது பதிவாகியிருக்கிறது. ஹஜ்ஜின் சட்டங்களுக்கு ஃபிக்ஹு மேதைகள் பெரிதும் நாடும் ஹதீஸ் அதுவே.

சிந்தியுங்கள்! அந்த இளைஞர் பெரியவருக்கு நஸீஹத் செய்யப் போகவில்லை. கேட்கப் போனார். பெரியவரும், துன்பப்பட்ட எனக்கு இனி எதற்கு மனிதர்கள் என்று கதவைச் சாத்தவில்லை. ஒருவர் கேட்டார், ஒருவர் திறந்தார். உம்மத் முழுவதற்கும் ஹஜ் கிடைத்தது. கண் போவதால் மட்டும் ஒரு மனிதர் கசந்து போவதில்லை. தம்மிடம் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஊர் நினைக்கும்போதுதான் கசந்து போகிறார். நம் மாணவரின் பிழை இதுதான். ஸபூரைச் சொல்ல வாய் கொண்டு போனார். பிடித்துக்கொள்ளக் கை கொண்டு போகவில்லை.

மறுபடியும் திண்டிவனத்துக்கு வருவோம். மாணவர் வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிடவில்லை. மறுநாள் கதவைத் தட்டி, ஸலாம் கூறி, தன் பெயரையும் சொல்கிறார். “பாய், பென்ஷன் வேலையாக விழுப்புரம் போக வேண்டுமாமே. நான் கூட வருகிறேன்” என்கிறார். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பஸ் பயணம். வழியில் உபதேசம் ஒரு வார்த்தையும் இல்லை. எந்த எல்லையில் இருந்தீர்கள், அங்கே பனி எப்படி, நோன்பு எப்படி வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வருகிறார். பெரியவர் விழுப்புரம் வந்து சேரும்வரை பேசுகிறார்.

திரும்பும்போது மாணவர் தன் மனக்குறையைச் சொல்கிறார். “நேர்மையாக இருந்ததற்குத் தனியாக நிற்கிறேன் பாய்.”

“இராக் காவலில் நிற்கும் சிப்பாயும் தனியாகத்தான் நிற்கிறான் தம்பி. அவன் விழித்திருப்பதால்தான் மற்றவர்கள் தூங்குகிறார்கள். நீ நின்ற இடம் சரி. அங்கேயே நில்” என்கிறார் பெரியவர். அன்று மஃரிபுக்கு இருவரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். யார் யாருக்கு வழிகாட்டினார்?

தாய்மார்களே, சகோதரர்களே! நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில. பார்வையற்றவரிடம் சென்றால் ஸலாமுடன் பெயரையும் சொல்லுங்கள். இதே ஜாபிர் (ரலி) வாலிபத்தில், தந்தையின் கடன் விஷயமாக நாயகம் (ஸல்) அவர்களின் கதவைத் தட்டியபோது, யார் என்ற கேள்விக்கு “நான்” என்றார்கள். “நான், நான்” என்றால் என்ன என்பது போல நாயகம் (ஸல்) அவர்கள் அதை வெறுத்தார்கள். வாலிபத்தில் கற்ற அந்த ஒழுக்கத்தின் அருமை, முதுமையின் இருளில் அவர்களுக்கு எவ்வளவு விளங்கியிருக்கும்! எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். காலியான நாற்காலியுடன் அவரைப் பேச விடாதீர்கள். அழைத்துச் செல்லும்போது அவரைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக் கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னே நடங்கள். பார்வை குறைந்தவருக்கு உங்கள் பார்வையால் உதவுவது ஸதகா என்று திர்மிதியில் வருகிறது.

கூட்டிச் செல்ல ஆளில்லாத பார்வையற்றவர் மீது ஜும்ஆ கடமையில்லை. ஆள் கிடைத்தால் கடமையாகும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அப்படியானால் அவர் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்குமுன், நம்மில் யார் போய் அழைத்தோம் என்று கேட்க வேண்டாமா? வாலிபர்களே! பார்வையற்ற மாணவர்களுக்காகப் பரீட்சை எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. முன்வாருங்கள். ஆனால் அவர் சொல்வதை மட்டும் எழுதுங்கள். கூட்டுவதும் குறைப்பதும் அமானிதத்துக்கு மோசம்.

பார்வையிழந்த பெரியோர்களே! உங்கள் கோபத்தை நாங்கள் சம்பாதித்திருக்கிறோம், எங்களை மன்னியுங்கள். ஆனால் கதவைச் சாத்தி விடாதீர்கள். உங்கள் நெஞ்சில் உள்ளதைக் கேட்க வரும் ஒரு பிள்ளை, நாளை பலருக்கு வழிகாட்டும் பிள்ளையாக இருக்கலாம்.

வல்ல நாயன் நம் கண்களுக்கு ஒளியையும், நம் கல்புகளுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! குருடாவது கண்கள் அல்ல, நெஞ்சங்களே என்று அவன் திருமறையில் எச்சரித்த அந்தக் குருட்டிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்!