கல்லாப்பெட்டிச் சட்டங்கள்

1989இல் ஸ்காட்லாந்திலும் மறு ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸிலும் மார்கரெட் தாட்சர் அரசு உள்ளாட்சி வரியை மாற்றியது. வீட்டின் மதிப்பை வைத்து வாங்கிய வரி போய், தலைக்கு இவ்வளவு என்ற வரி வந்தது. சில சலுகைகள் நீங்கலாக, மாளிகைவாசிக்கும் ஒண்டுக்குடித்தனக்காரருக்கும் ஒரே தொகை. லட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டனில் கலவரமே மூண்டது. 1993இல் சொத்து மதிப்பை ஒட்டிய வரி திரும்பி வந்தபோது அந்தக் கொந்தளிப்பு இல்லை. மக்களுக்கு வரி என்றாலே கசக்கும் என்றால் அதையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்திருப்பார்களே! எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைவிட எந்த நியாயத்தில் கேட்கிறார்கள் என்பதே மக்களை உறுத்துகிறது.

அமெரிக்க அறிஞர் டாம் டைலர் சிகாகோ மக்களிடையே நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. தண்டனைப் பயத்தைவிட, அதிகாரத்தின்மீதுள்ள மதிப்பும் அது நடந்துகொள்ளும் முறையில் தெரியும் நேர்மையுமே மனிதரைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வைக்கின்றன. அந்த மதிப்பு போனால் மிஞ்சுவது, மாட்டுவோமா தப்புவோமா என்ற கணக்குதான். போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறும் ஹெல்மெட் அடுத்த திருப்பத்தில் இறங்குவது அதனால்தான். இந்தியாவில் 2019 செப்டம்பரில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. எதிர்ப்பு எழுந்ததும் குஜராத் அதை 500 ஆக்கியது. குண்டும் குழியுமான சாலையில் போகிறவருக்கு, உயிரைக் காக்கும் விதியில் இந்தப் பேரம் எதற்கு என்று தோன்றாதா? “மாசக் கடைசி, கேஸ் பிடிக்கிறாங்க” என்ற பேச்சு அந்தச் சந்தேகத்தில் முளைத்ததுதான்.

ஹெல்மெட் உயிர் காப்பது உண்மைதானே, அபராதம் வசூலுக்காகத்தான் என்பது வெறும் சாக்கு என்று சிலர் சொல்வார்கள். சரிதான், அரசின் நோக்கம் எதுவானாலும் தார்ச்சாலை தலைக்கு இரக்கம் காட்டாது. ஆனால் நல்ல விதியே சாக்குக்கு இடம் கொடுக்கிறது என்றால், அதை நடத்தும் முறையில் கோளாறு இருக்கிறது. அநியாயம் என்று அவரவர் முடிவுசெய்து மீறினால் நாடு என்னாவது என்பது இன்னும் கனமான கேள்வி. 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து, ஊரறிய உப்பெடுத்துச் சிறை சென்றார்கள். உப்புச் சட்டத்தை எதிர்த்த அவர்கள் அதன் தண்டனைக்கு ஒளியவில்லை. சந்துக்குள் வண்டியைத் திருப்புபவர் அந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியாது.

ஆகவே பொறுப்பு இரு பக்கமும் உண்டு. வசூலான அபராதம் எந்தச் சாலைக்கு, எந்த சிக்னலுக்குச் செலவானது என்று அரசு ஊர்வாரியாக ஆண்டுதோறும் கணக்கு வைக்கட்டும். நாமோ அந்தக் கணக்கை உரக்கக் கேட்போம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.