தொழுகையில்லா நாட்களும் கணவன்மாரின் கடமையும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

அன்புச் சகோதரர்களே! ஹைளு எனும் மாதவிடாயின் சட்டங்களை நாம் மதரஸாவில் பாடமாக ஓதுகிறோம். அது எத்தனை நாள், குளிப்பு எப்பொழுது, எது கூடும், எது கூடாது என்றெல்லாம் விளக்கமாகச் சொல்கிறோம். ஆனால் அந்நாட்களில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் மனைவிக்குக் கணவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலரிடம் பதில் இல்லை. மிம்பரில் அதைப் பேசக் கூச்சம். வீட்டில் அதைக் கேட்கவும் கூச்சம்.

தாராசுரத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், காய்கறி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் வாலிபர் ஒருவர், கூட்டம் கலையும் வரை காத்திருந்து நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத்! வீட்டில் மாதாமாதம் இரண்டு நாள் வலியில் துடிக்கிறார்கள். நான் ஏதாவது செய்யப் போனால், ‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, இதற்குப் போய் ஆம்பிள்ளை அடுப்படிக்கு வருவதா?’ என்று அம்மா சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?”

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. எனவே பொதுவில் வைத்து விடை காண்போம்.

ஒரே சொல், இரண்டு விதம்

“எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே” என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, ஹஜ்ஜத்துல் விதா பயணம். மக்காவுக்கு அருகில் ஸரிப் என்னுமிடத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹைளு வந்துவிட்டது. அன்னையார் அழுதுகொண்டிருந்தார்கள். அருமை நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வந்து, அழுவதைப் பார்த்து, காரணத்தைக் கேட்டார்கள். இது ஆதமுடைய பெண்மக்கள் மீது அல்லாஹ் விதித்த காரியம் என்று ஆறுதல் கூறினார்கள். தவாபைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்துகொள்ளுமாறு வழியும் காட்டினார்கள். அத்தோடு நின்றார்களா? ஹஜ் முடிந்த பின், தனியாக ஓர் உம்ரா செய்யவில்லையே என்ற ஏக்கம் அன்னையாருக்கு இருந்தது. அதற்காக அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களைத் துணைக்குக் கொடுத்து, தன்யீம் வரை அனுப்பி, இஹ்ராம் கட்டி வரச் செய்தார்கள். அதுவரை அவர்களுக்காகக் காத்தும் இருந்தார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் உள்ளது என்பதை நாயகமும் சொன்னார்கள். நம் வீடுகளிலும் சொல்கிறார்கள். நாயகம் சொன்னது கண்ணீரைத் துடைப்பதற்காக. நாம் சொல்வதோ பேச்சை முடிப்பதற்காக. சொல் ஒன்றுதான், ஆனால் ஒன்று சுன்னத், மற்றது உதாசீனம்.

தூரம் என்ற சொல்

நம் தஞ்சை மண்ணில் மாதவிடாய்க்கு ‘தூரம்’ என்றொரு பெயர் உண்டு. பெயருக்கேற்ப அவளைத் தூரமாக வைக்கும் பழக்கமும் சமய வேறுபாடின்றிப் பல வீடுகளில் இருந்து வந்திருக்கிறது. தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் டெல்டாவைச் சூறையாடியதே, அந்த இரவில் பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காட்டில் பருவமடைந்த ஒரு சிறுமி தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். குடிசை மேல் தென்னை மரம் விழுந்து அந்தக் குழந்தை இறந்துபோனாள். விலக்கி வைப்பது என்ன விலை கேட்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மதீனாவிலும் அன்று இவ்வழக்கம் இருந்தது. ஹைளு வந்த பெண்ணோடு ஒன்றாக உண்பதில்லை, ஒரே வீட்டில் தங்குவதில்லை என்றிருந்தவர்களைப் பார்த்து ஸஹாபாக்கள் கேட்டபோதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனம் இறங்கியது. அவ்வசனம் ஹைளை ‘அதா’ என்கிறது. அசுத்தம் என்றும், நோவு, துன்பம் என்றும் அச்சொல்லுக்குப் பொருளுண்டு. ஆக, படைத்தவனே இதில் துன்பம் இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கும்போது, “என்ன பெரிய வலி?” என்று கேட்க நாம் யார்? விலகியிருங்கள் என்ற கட்டளைக்கு உடலுறவு ஒன்றைத் தவிர மற்றவை கூடும் என்பதே பொருள் என நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை ஆடையின்றித் தொடாமல் பேணுவது பற்றி நம் ஹனபி, ஷாபிஈ இமாம்கள் கூறியிருப்பதை எல்லோரும் அறிவோம்.

விளக்கியது மட்டுமல்ல, வாழ்ந்தும் காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்த அதே இடத்தில் தம் திருவாயை வைத்துக் குடித்தார்கள். அன்னையாரின் மடியில் சாய்ந்தபடி திருக்குர்ஆன் ஓதினார்கள். ஓத முடியாத நாட்களில் இருப்பவர்களின் மடியிலேயே குர்ஆனின் ஓசை! ஒரே போர்வையில் படுத்திருக்கையில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கு ஹைளு வந்து மெல்ல நழுவிச் சென்றபோது, திரும்ப அழைத்துத் தம்மோடு அதே போர்வையில் படுக்க வைத்துக்கொண்டார்கள். சகோதரர்களே, இதில் எங்கே தூரம்?

அல்லாஹ் விட்டுக்கொடுத்தான், நாம்?

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தொழுகையை விடப் பெரிய கடமை உண்டா? பயணத்திலும் போர்க்களத்திலும் நீங்காத அந்தக் கடமையை ஹைளுடைய நாட்களில் அல்லாஹ் பெண்ணை விட்டு முற்றாக நீக்கிவிட்டான். பிறகு களாச் செய்யச் சொல்லவும் இல்லை. ரமலான் நோன்பைப் பின்னால் நோற்றுக்கொள்ள அனுமதித்தான். இச்சட்டம் வலி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒன்றே. காரணத்தின் முழு இரகசியமும் அவனுக்கே வெளிச்சம். ஆனால் இதில் இருக்கும் ரஹ்மத்தைக் காண ஆலிமாக இருக்க வேண்டியதில்லை.

எஜமான் தன் உரிமையைத் தள்ளிக்கொடுத்த நாளில், அடிமை தன் உரிமையில் ஒரு டம்ளர் தேநீரைக்கூடத் தள்ளிக்கொடுக்க மறுக்கிறான்! தொழுகைக்கு விடுமுறை, அடுப்புக்கு விடுமுறை இல்லை. ரமலானில் இன்னும் மோசம். நோன்பில்லாத நிலையில், இடுப்பு வலியோடு, ஸஹருக்கு முதல் ஆளாய் எழுந்து எல்லோருக்கும் சமைத்துவிட்டு, பகலில் ஒரு வாய் கஞ்சியை யாருக்கும் தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்று விழுங்குகிறாள். உண்பதற்கு அல்லாஹ் அனுமதித்திருக்க, அவளை ஒளிய வைத்தது யார்? நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றே அன்னையார் பதில் சொன்னார்கள். எனவே அடுப்படிக்கு ஆம்பிள்ளை வருவது குறையன்று.

அந்நாட்களில் அவளுக்குக் கோபமும் சோர்வும் வரலாம். அதற்குப் பதில் கோபம் மருந்தாகாது. ஹைளு நேரத்தில் தலாக் சொல்வதையே ஷரீஅத் தடுத்திருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்படிச் சொன்னபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கோபமுற்று, மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளக் கட்டளையிட்டார்கள்.

செய்ய வேண்டியவை

வலி எதனால் என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. கருப்பையின் உட்படலம் உதிரும் நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்குகிறது. இறுகும் தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, அதுதான் வலி. சிலருக்கு அதனாலேயே குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலியும் வரும். பெரும்பாலும் முதல் ஒன்றிலிருந்து மூன்று நாட்களில் தணிந்துவிடும். ஆகவே இது நடிப்பல்ல, சோம்பலும் அல்ல.

முதலாவது, வெப்பம். அடிவயிற்றிலும் இடுப்பிலும் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பது நல்ல பலன் தருவதாக ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், தோல் வெந்துவிடும். கை பொறுக்கும் சூடு, சுற்றிலும் ஒரு துணி போதும். அந்த நீரைச் சுடவைத்துக் கொடுப்பது கணவனின் கையாக இருக்கட்டும். சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய நீரும் சிலருக்கு இதம் தரும். முடிந்தால் மெல்ல நடப்பதும் நல்லது. முடியாதவரை நடக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

இரண்டாவது, மருந்து. இபுப்ரோபன், மெஃபனாமிக் அமிலம் போன்றவை அந்தப் பொருள் சுரப்பதையே குறைப்பவை. எனவே வலி உச்சிக்கு ஏறிய பிறகன்றி, தொடங்கும்போதே, உணவுக்குப் பின் எடுத்தால்தான் பலன். ஆனால் குடற்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று ஐயமுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023இல் இந்திய பார்மகோபியா கமிஷன் எச்சரித்தது. காய்ச்சலோ தோலில் தடிப்போ கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில், “வயிற்று வலிக்கு ஏதாவது கொடுங்கள்” என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில், வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மாதவிடாய் வலியோடு வந்த பெண்களுக்குப் பெயர்கூட எழுதாத மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றிக் கொடுத்து வந்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது. வலியைப் போக்குவது வேறு, வலித்தவளின் வாயை அடைப்பது வேறு.

மூன்றாவது, துஆ. வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, அல்லாஹ்வின் வல்லமையைக் கொண்டு பாதுகாவல் தேடும் துஆவை ஏழு முறை ஓதும்படி உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நாயகம் கற்றுக்கொடுத்தார்கள். துஆவும் திக்ரும் ஹைளு உள்ள பெண்ணுக்குத் தடையில்லை. ஓத வேண்டிய குர்ஆனை அவள் அருகில் அமர்ந்து நீங்கள் ஓதுங்கள்.

இரத்தம் காணுமுன்பே வலி தொடங்கிவிட்டால் தொழுகை கடமையாகவே இருக்கும். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழுது கொள்ளலாம். இதையும் வீட்டில் சொல்லிக் கொடுங்கள்.

எது இயல்பு, எது நோய்?

பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள், இரத்தம் நிற்காமல் போகிறது என்று வெட்கத்தை விட்டு நாயகத்திடம் வந்து கேட்டார்கள். அது ஹைளு அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நாயகம் பிரித்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும் “பெண்களுக்கு உள்ளதுதான்” என்று ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்பதற்கு இது பாடம்.

வருடத்துக்கு வருடம் வலி கூடினாலோ, முன்பு இல்லாத வலி நடுவயதில் புதிதாக வந்தாலோ, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் உறவின்போதும் வலித்தாலோ, இரத்தப்போக்கு மிக அதிகமானாலோ, கருப்பைக் கட்டியோ எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயோ இருக்கலாம். கும்பகோணம் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சையில் ராஜா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. அல்லாஹ் மருந்தில்லாத நோயை இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து. கூட்டிக்கொண்டு போவது கணவனின் பொறுப்பு. சபரில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், போனில் அந்த இரண்டு நாளும் விசாரிக்கட்டும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம், “அவளுக்கு ஓய்வு கொடுங்கள்” என்று தம் வாயாலேயே சொல்லட்டும். அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியாது.

உலகமும் இதை மெல்ல உணர்கிறது. பீகார் அரசு 1992லேயே பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்புத் தந்தது. கருநாடகம் 2025இல் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பளிக்க முடிவெடுத்தது. அரசாங்கம் கொடுக்கும் விடுப்பை வீட்டுக்காரன் பறித்துக்கொண்டால் என்ன பயன்?

பத்ருப் போருக்கு எல்லோரும் புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் செல்லவில்லை. நோயுற்றிருந்த தம் மனைவி, நாயகத்தின் திருமகளார் ருகையா (ரலி) அவர்களைக் கவனித்துக்கொள்ள மதீனாவில் இருக்கும்படி நாயகமே சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவரின் நன்மையும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். மனைவியின் நோய்ப்படுக்கைக்கு அருகில் அமர்ந்தவருக்குப் பத்ருடைய கூலி! மாதத்தில் இரண்டு நாள் வெந்நீர் வைத்துக் கொடுப்பதில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதில், அன்போடு ஒரு வார்த்தை சொல்வதில் உள்ள நன்மையை நாம் ஏன் இழக்க வேண்டும்?

யா அல்லாஹ்! எங்கள் வீட்டுப் பெண்மக்களின் நோவை இலேசாக்குவாயாக! அவர்கள் மீது நீ காட்டிய இரக்கத்தில் ஒரு துளியேனும் எங்கள் உள்ளங்களில் இடுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.