புல்லின் மேல் வழக்கில்லை

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப்புல். மழை பொய்த்தால் காய்ந்து கிடக்கும், வேர் சாகாது. ஒரு மழை போதும், தூர் முழுக்கப் பச்சை விட்டுவிடும். காங்கேயம் மாடு இதை மேய்ந்து வளர்ந்ததுதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயல்பாக வளரும் இந்தப் புல்லை அமெரிக்காவின் அரிசோனாவில் 'பஃபல் கிராஸ்' என்கிறார்கள். தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் 20ஆம் நூற்றாண்டில் கொண்டுபோனது. அங்கே சொனோரன் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மண்தான். தீ எளிதில் பரவாது. அந்த இடைவெளியை இந்தப் புல் அடைத்துவிட்டது. இப்போது தீ வந்தால் நூறு வயது தாண்டிய சகுவாரோ கள்ளிகள் கருகுகின்றன, புல் மட்டும் மறுபடி துளிர்க்கிறது. தன்னார்வலர்கள் மலைச்சரிவில் ஏறித் தூர் தூராகப் பெயர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாட்டுப்பண்ணைக்காரருக்கு இது வரம். தெற்கு ஆஸ்திரேலிய அரசோ 2015இல் இதைக் களை என்று அறிவித்தது.

அப்போ இந்தப் புல் நல்லதா, கெட்டதா? "பார்க்கிறவங்களைப் பொறுத்தது" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசில்லை. கள்ளி எரிவது நிஜம். ஆனால் புல் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்யுது: வறட்சியைத் தாங்குது, தூர் கட்டுது, விதை பரப்புது. நாம மெச்சுகிற குணத்தைப் பார்த்துத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள். பொறுப்பு, அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோன கைகளுக்கு.

அரிசோனாவில் அதைப் பிடுங்குவது சரிதான். பிடுங்குவதற்குப் பழி சொல்லத் தேவையில்லை. சீமைக்கருவேலத்தை நாம பேசுகிற விதம் நினைவுக்கு வருகிறது. விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பிய மரம். எத்தனையோ வீட்டு அடுப்பு அதில் எரிந்தது. கேஸ் வந்த பிறகு அது 'வந்தேறி'. மரத்தை அப்படித் திட்டிப் பழகின வாய்க்கு மனுஷனைத் திட்ட ரொம்ப நேரம் ஆகாது. அந்தச் சொல்லை இணையத்தில் யார் மேல் எறிகிறோம் என்று பார்த்தாலே தெரியும்.

இதற்கிடையில் கொறங்காடுகள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. அரிசோனாக்காரர் பெயர்க்கிற அதே புல்லை இங்கே விட்டுவைக்க வேண்டியது நம்ம வேலை. வேலியும் மாடும் மரமும் போய்விட்டால், 'எங்க மண்ணின் புல்' என்று பெருமை பேசி என்ன பிரயோஜனம்?